மேட்டை விட்டு இறங்காத ஆள்காட்டி

காட்டுக் கதைகளில் சிங்கத்துக்கு இடமுண்டு, நரிக்கு இடமுண்டு, முயலுக்கும் ஆமைக்கும்கூட உண்டு. ஆபத்து வருகிறதென்று தொண்டை கிழியக் கத்தி அத்தனை பேரையும் பிழைக்கவைக்கும் ஆள்காட்டிக் குருவிக்கு மட்டும் இல்லை. இந்தக் கதை அவளுடையது.

ஈச்சங்குளத்தின் கரையில் ஒரு மண்மேடு. அதன்மேல் செம்மூக்கி என்னும் ஆள்காட்டி மூன்று கோடைகளாகக் காவல் நின்றாள். அவள் இருமுறை மெல்லக் கூவிய பிறகே யாரும் நீரில் வாய் வைக்கலாம். அவள் வீரிட்டால் எல்லோரும் ஓடவேண்டும். இதுவே குளத்து வழக்கம். வழக்கம் நிலைத்தபின் மான்கள் காதை நிமிர்த்துவதையே மறந்தன. நாற்பது மான்களின் அச்சத்தையும் ஒரே பறவையின் தலைக்குள் திணித்துவிட்டு நிம்மதியாக மேய்ந்தன.

அந்தத் தலை இப்போது சரியாக இல்லை.

சருகு விழுந்தால் அவளுக்குச் சிறுத்தையின் காலடி கேட்டது. நாணல் அசைந்தால் அதன் வால் தெரிந்தது. உறக்கம் வருவதே அரிது. வந்தாலும் மல்லாந்து, கால்களை வானத்தை நோக்கி விறைப்பாக நீட்டியபடி கிடந்தாள்.

"வானம் இடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்கவா, தாயே?" என்று கேட்டான் காட்டுப்பன்றி.

குளமே சிரித்தது. செம்மூக்கியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்பார்கள்.

மேட்டின் அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, அவளுடைய நான்கு முட்டைகள் இருந்தன. முட்டையிட்ட வாரமே அவள் இணையை வல்லூறு கொண்டுபோயிற்று. சித்திரை வெயிலில் ஆள்காட்டியின் முட்டைக்கு வேண்டியது சூடு அல்ல, குளிர்ச்சி. தாய் தன் வயிற்றிறகைக் குளத்தில் நனைத்துவந்து மேலே அமரவேண்டும். காய்ந்தால் மறுபடியும் நனைக்கவேண்டும். ஒரு பகல் தவறினாலும் முட்டை வெந்துவிடும். செம்மூக்கி மேட்டுக்கும் நீருக்கும் முட்டைக்குமாக அலைந்தாள்.

ஒரு நாள் மான்களின் தலைவர் கவைக்கொம்பர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"காலையிலிருந்து மூன்று முறை ஓடிவிட்டோம்! மூன்றும் வெறும் காற்று!"

"மன்னியுங்கள், ஐயா."

"போன மாதம் தாமதித்தாய், ஒரு குட்டி போயிற்று. இப்போது முந்திக்கொள்கிறாய். சரியான நேரத்தில் கத்த உனக்கு என்ன கேடு?"

அவர் போனதும் நீருக்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டினாள்.

"இறங்கிவிடு, செம்மூக்கி."

"நான் இறங்கினால் இவர்களை யார் பார்ப்பது, அக்கா?"

"நீ பிறப்பதற்கு முன்பும் இங்கே மான்கள் இருந்தன. அப்போது யார் பார்த்தார்கள்?"

"ஏதாவது நடந்தால் பழி என்மேல் விழுமே!"

"விழட்டும். பழி விழுந்தால் உதறிக்கொண்டு போகலாம். நீயே விழுந்துவிட்டால் உதறுவதற்கு யார் இருப்பார்கள்?"

மறுநாள் செம்மூக்கி தலைவரிடம் சென்றாள். "என்னால் முடியவில்லை, ஐயா. என் தலைக்குள் ஓயாமல் ஏதோ நடமாடுகிறது. வேறு யாரையாவது மேட்டில் ஏற்றுங்கள்."

கவைக்கொம்பரின் குரலில் தேன் வடிந்தது. "நீ இல்லையென்றால் இந்தக் குளமே இல்லை, அம்மா! மூன்று பிணைமான்கள் நிறைசூலாக நிற்கின்றன. அவை ஈனும்வரை பொறுத்துக்கொள். பத்தே நாள்!"

"பிறகு?"

"பிறகு உன் விருப்பம். தகுந்த ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்."

யாரும் தேடவில்லை. கத்துவதற்கு ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியை எவர் தேடுவார்? செம்மூக்கிக்கும் அது தெரியும். ஆனாலும் தான் இல்லையென்றால் குளமே இல்லை என்ற சொல் அவள் நெஞ்சில் இனித்தது. கட்டிப்போடுவதற்கு அந்த இனிப்பே போதுமானதாக இருந்தது. அவள் மீண்டும் மேடேறினாள்.

ஆறாம் நாள். உச்சி வெயில். வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பிய செம்மூக்கி, கூழாங்கற்களுக்கு நடுவே பார்த்தாள். வெளிறிய மஞ்சளில் கரும்புள்ளிகள். கானலில் அவை நெளிந்தன.

"சிறுத்தை! சிறுத்தை!"

அவள் வீரிட்டு எழும்பினாள். குளக்கரை ஒரு நொடியில் காலியாயிற்று. எங்கே என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. செம்மூக்கி மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினாள். புள்ளிகள் அங்கேயே பதுங்கியிருந்தன. நெருங்க அவளுக்கு அச்சம். அவள் வயிற்றிறகின் ஈரம் காய்ந்தது. நிழல்கள் கிழக்கே நீண்டன. அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

ஓட முடியாத ஆமை மட்டும் அடிமேல் அடி வைத்து வந்துசேர்ந்தாள்.

"யாரைக் கண்டு கத்துகிறாய்?"

"அதோ, அக்கா! கற்களுக்கு நடுவில்! புள்ளி தெரியவில்லையா?"

ஆமை பார்த்தாள். இன்னும் நெருங்கிப் போய் மறுபடியும் பார்த்தாள்.

"செம்மூக்கி... அவை உன் முட்டைகள்."

செம்மூக்கி இறங்கினாள். ஒவ்வொன்றாக அலகால் தொட்டாள். நான்கும் கல்லைப்போலச் சுட்டன. காதை வைத்துக் கேட்டாள். சருகின் ஓசையெல்லாம் கேட்ட காதுக்கு அவற்றுக்குள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை.

மான்கள் திரும்பி வந்தன. நடந்ததை ஆமை சொன்னாள். கவைக்கொம்பர் தலையைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்தார்.

"வருத்தம்தான், அம்மா. ஆனால் இன்னும் நான்கு நாள் மீதி இருக்கிறதே!"

செம்மூக்கி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இல்லை, ஐயா. எனக்கு மீதி எதுவும் இல்லை."

அன்றிரவு அவள் வெந்த முட்டைகளின் அருகே அமர்ந்திருந்தாள். விடிந்ததும் பறந்தாள். குளத்தின்மேல் கடைசியாக ஒருமுறை வட்டமிட்டபோது, மேட்டின்மேல் ஒரு மயில்பேடு நிற்பதைக் கண்டாள். கீழிருந்து கவைக்கொம்பரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ இல்லையென்றால் இந்தக் குளமே இல்லை, அம்மா!"

மூன்று பிணைகளும் உரிய நாளில் ஈன்றன. வானம் விழவில்லை.

செம்மூக்கி தெற்கே ஓர் உப்பளத்தின் ஓரத்துக்குச் சென்றாள். அங்கே அவளை யாரும் எதற்கும் காவல் வைக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் சருகுக்கு அஞ்சினாள். மறு கோடையில் புதிய இணையோடு மூன்று முட்டைகளிட்டாள், இரண்டு பொரிந்தன. புள்ளியைக் கண்டால் அவள் நெஞ்சு கடைசிவரை ஒரு கணம் நின்றே துடித்தது. ஆனால் கால்களை மடக்கி உறங்கினாள்.

உன்னைத் தின்று பிறரைக் காக்கும் காவலிலிருந்து, இழக்க ஏதேனும் எஞ்சியிருக்கும்போதே இறங்கிவிடு.