கோணலூர் ராஜாவுக்குக் கொள்ளி வைக்கும் வழக்கு

கோணலூரை ஆண்ட விருபாட்சர் நல்லவர். அதுதான் வினையாகிப் போனது.

ராஜகுரு காசிக்குக் கிளம்பும்போது ராஜதர்மத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். "குடிகளுக்கு அரசன் தகப்பன். அவர்கள் துன்பம் அவன் துன்பம். இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே."

மறுநாளே ஒரு குயவன் பல்வலி என்று வந்து நின்றான்.

மந்திரி அம்பலவாணர் யோசித்தார். "அவன் வலி ராஜா வலி. அப்போ பிடுங்க வேண்டிய பல்லு?"

"என்னுதுதான்," என்று ராஜா வாயைத் திறந்தார். பிடுங்கினார்கள்.

"இப்ப எப்படிடா இருக்கு?" என்று மந்திரி குயவனைக் கேட்டார்.

ராஜா வாயில் ரத்தத்தைப் பார்த்த குயவன், "சுத்தமாப் போயிடுச்சு சாமி," என்று ஓடியே போனான்.

தர்மம் வேலை செய்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒருத்தியை மாடு உதைத்தபோது, அதே மாட்டை அரண்மனைக்கு ஓட்டி வந்தார்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் ராஜமரியாதை தெரிந்திருந்தது. வாலை முறுக்கிய பிறகுதான் ராஜாவை உதைத்தது.

அப்புறம் செக்கடிச் செல்லப்பன் செத்துப்போனார்.

ராஜா மந்திரியைக் கூப்பிட்டார். "அம்பலவாணரே, சாவு துன்பத்திலே சேருமா?"

"பல்வலியே சேர்ந்துச்சே, மகாராஜா."

"எனக்கு ஒரு நோவும் இல்லையே?"

"அந்தப் பல்லும் நல்லாத்தானே இருந்துச்சு?"

இரண்டு பாடை கட்டினார்கள். வழியெல்லாம் ஜனங்கள் அழுதார்கள். அவர்கள் துன்பம் தன் துன்பமாச்சே என்று, ராஜாவும் பாடையில் கிடந்தபடி தனக்கே ஒப்பாரி வைத்துக்கொண்டு போனார்.

சுடுகாட்டில் ராஜாவை விறகின் மேல் கிடத்தியதும் சிக்கல் வந்தது. கொள்ளி வைக்க வேண்டியது மூத்த மகன். ஊரே மகன், இதில் மூத்தவன் யார்?

சடையாண்டிக் கிழவர் முன்னால் வந்தார். "நான் பிறந்தப்போ நம்ம ஊர் ஏரியே வெட்டலை."

"அடப் போய்யா! வெட்டுன குழியில விளையாடினவன் நான்," என்று முத்திருளன் கிழவர் கொள்ளியைப் பிடுங்கினார்.

கைகலப்பு. வழக்கென்றால் ராஜாதானே? விருபாட்சர் எழுந்து விறகின் மேல் சம்மணம் போட்டு, இரண்டு பக்கமும் கேட்டார்.

"ஏரி இல்லாம சடையாண்டி எந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தான்? பொய். முத்திருளா, மகனே, நீதான் மூத்தவன். வை!" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

தோற்ற சடையாண்டி ஓவென்று அழுதார். குடியின் துன்பம்! ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், தீர்ப்பை மாற்றினார், படுத்தார். இப்போது முத்திருளன் அழுதார். ராஜா மறுபடி எழுந்தார்.

இன்னும் அப்படித்தான், படுப்பதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறார். செல்லப்பனா? பக்கத்துப் பாடையில் காத்திருக்கிறார். ராஜாவுக்கு முன்னால் போவது மரியாதை இல்லையாம்.