நாரைகளுக்கு ஓர் உத்தரவு

வெளிநாட்டார் வந்து போவதாலேயே வயிறு நிறைந்த சின்னத் தீவு நாடு அது. அங்கே பனிமூட்டத்துக்குள் மிதக்கும் ஓர் ஏரியில், மேகம் இறங்கியதுபோல் நாரைகள் வந்து உட்காரும். பங்குனியில் தண்ணீர் வற்றியதும் பறந்துவிடும்.

பத்திரிகைக்காரர்கள் சூழ வந்த சுற்றுலா இயக்குநர் ஞானசிகாமணி, ஏரிக் காவலாளி சடையாண்டியைக் கூப்பிட்டார்.

“கோடை விடுமுறையிலதான் கூட்டம் வரும். அதுவரைக்கும் பறவை இங்கே இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது.”

“சரிங்க ஐயா. அதுகளும் வெளிநாட்டு விருந்தாளிதானே. ஒருநாள் தங்க வந்தவங்களைப் பத்து நாள் தங்கவைக்கிற வித்தை உங்களுக்குத்தானே தெரியும், சொல்லிக் கொடுங்க.”

இயக்குநருக்கு உச்சி குளிர்ந்தது. “தண்ணி, சாப்பாடு, நிம்மதி. இந்த மூணும் இருந்தா எவன்யா கிளம்புவான்?”

சடையாண்டி தலையாட்டிவிட்டு நேரே கரைக்குப் போனார். இயக்குநரின் புது ஓட்டல் நீச்சல்குளத்துக்கு ஏரித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார்.

“யோவ், யாரைக் கேட்டு நிறுத்தினே?”

“உங்களைக் கேட்டுத்தானுங்க.”

பத்திரிகைக்காரர்களின் பேனாக்கள் ஓடின. அதற்குமேல் மோட்டாரைப் போடச் சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை.

அந்தச் சித்திரையில் ஏரி நிறைந்து கிடந்தது. நீர்மேல் வெள்ளைச் சிறகுகள் கனவில் அசைவதுபோல் அசைந்தன. வந்த கூட்டத்திடம் மெதுவாகப் பேசச் சொல்லிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு கரையில் நடந்தார் சடையாண்டி.