நாற்பது தடவை அடித்த மணி

குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் கருவி மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. திங்கட்கிழமை அந்தக் கருவி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகிறது.

குணாளனுக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரிகளில் மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டு, இப்போதுதான் புரோகிராம் எழுதக் கற்கிறார். கற்றுக்கொடுக்கும் ரெக்ஸ்லினுக்கு இருபத்தொன்பது. வயசு கிடக்கட்டும், குரு குருதான்.

பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறி நின்ற ஒரு நோயாளியைக் குணாளன் நேரில் பார்த்திருக்கிறார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் மனுஷன் விடுவதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை, புரோகிராமில் பிழை தேட உதவும் டீபக்கரைத் திறந்தார். ஓடுகிற புரோகிராமை அது நடுவழியில் நிறுத்தும். என்ன கேட்டுத் தட்டினாலும் பதில் சொல்லும், என்ன செய்யச் சொன்னாலும் செய்யும். நான்கு நாள் தட்டோ தட்டென்று தட்டினார். புரோகிராமில் எத்தனையோ வரிகளை மாற்றினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. நம்ப முடியாமல் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தார். நாற்பது தடவையும் அடித்தது.

“மேடம், சரியாயிடுச்சு. அனுப்பிடலாம்.”

“எதனால சரியாச்சு, சார்?”

“அதுதான் பிடிபடல. அடிக்குதே, போதாதா?”

ரெக்ஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீபக்கரில் ஒரே ஒரு கட்டளை தட்டினாள். எங்கே நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தி என்ன செய்யச் சொன்னார்கள், காட்டு என்று.

திரையில் ஒரே ஒரு நிறுத்தம் வந்தது. பாட்டில் தீரும் இடம். அதன் கீழே மூன்று கட்டளைகள்: நின்றதைத் திரையில் சொல்லாதே. பாட்டிலின் அளவைப் பூஜ்யமாக்கு. மேலே ஓடு.

அளவு பூஜ்யம் என்று தெரிந்தால்தான் புரோகிராம் மணி அடிக்கும். வியாழக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரு சோதனைக்காகக் குணாளனே தட்டியவை அவை. அதோடு அடியோடு மறந்துபோயிருந்தார். இப்போது அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் அந்த நிறுத்தத்தை அழித்தாள்.

“ஓட்டுங்க.”

ஓட்டினார். பாட்டில் தீர்ந்தது. மணி அடிக்கவில்லை.

“அப்போ நாப்பது தடவையும் நான் எதைத்தான் சோதிச்சேன்?”

“நீங்க பக்கத்துல இருந்தா அடிக்குமான்னு சோதிச்சீங்க. அடிக்குது.”

 குணாளன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுக் காட்டறேன், மேடம். முதல்ல எந்தக் கட்டளை தட்டணும்?”

“கட்டளை வேண்டாம், சார். அளவு எவ்வளவுன்னு புரோகிராமையே கேளுங்க. பதிலை நீங்க சொல்லிக் குடுக்காதீங்க.”