எட்டாவது வஸ்தாது

கரும்பூர் அரண்மனைக் குஸ்திக் கூடத்துக்கு மூன்று வருஷத்தில் ஏழு வஸ்தாதுகள் வந்தார்கள். ஏழு பேரும் போனார்கள். பயில்வான்களுக்குத் தலைவராக இருந்து குஸ்தி சொல்லிக்கொடுப்பதுதான் வஸ்தாதின் வேலை. வரும்போது ஆளுக்கொரு பட்டுச் சால்வை, போகும்போது ஆளுக்கொரு தங்கக் காப்பு. அங்கேயே கிடந்த பயில்வான்கள் ஐந்து பேருக்கும் கேழ்வரகுக் கூழ்.

கூழ் குடித்தவன் எங்கே ஜெயிப்பான்? வைகாசித் திருவிழாவானாலும் ஆடித் திருவிழாவானாலும் ஆனைமடை மல்லர்கள் வந்து அவர்களை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டுப் போவார்கள். உடனே பிரதானி வேதகிரி எழுந்து, "தலைமை சரியில்லை மகாராஜா" என்பார். நல்ல வஸ்தாதைத் தேடி அவரும் அவருடைய மூன்று மைத்துனர்களும் பல்லக்கு ஏறுவார்கள். ஊருக்கு ஊர் விருந்து, விருந்துக்கு விருந்து தாம்பூலம். முதல் தேடலுக்குப் பணம் போதாமல் பயில்வான்களின் வாதுமைப் பருப்பை நிறுத்தினார்கள். இரண்டாவதற்கு நெய், மூன்றாவதற்குப் பால். நாலாவது தேடலுக்கு நிறுத்த ஒன்றும் இல்லை. கூடத்துக் கூரையின் ஓடுகளைப் பிரித்து விற்றார்கள்.

ஏழாவது வஸ்தாது காப்போடு கிளம்பிய மறுநாள், எட்டாவது தேடலுக்குப் பிரதானி உத்தரவு கேட்டார். அரசவையில் விகடம் பேசிப் பிழைக்கும் அனந்தப்பனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராஜா முத்துலிங்கப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. கருவூலத்தில் எலி ஓடுகிற நேரத்தில் யாருக்குத்தான் வராது?

"சிரிக்கிறாயா? காசு கேட்காத வஸ்தாதை நீ கொண்டு வா. வருகிற ஆடியில் நாம் ஜெயிக்க வேண்டும். தோற்றால் உன் மானிய நிலம் பிரதானிக்கு. நீ ஊரை விட்டே போகலாம்."

அனந்தப்பனுக்கு இருக்கிறதே அந்த மூன்று காணி நிலம்தான். ஆனாலும் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒருவர் இருக்கிறார் மகாராஜா. சம்பளம் வேண்டாம், பல்லக்கு வேண்டாம், சால்வைகூடக் கேட்க மாட்டார். திருவிழா முடியும்வரை வெளியாள் யாரும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ராஜா சம்மதித்தார். அன்று சாயங்காலமே பிரதானியின் ஆட்கள் கயிற்றோடு வந்து அனந்தப்பன் நிலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அனந்தப்பன் வீட்டுக்கு வந்து தொழுவத்தில் நின்ற எருமையை அவிழ்த்தான். பெயர் கறுப்பி. வேளைக்கு ஐந்து படி கறப்பாள்.

"அவளை எங்கே ஓட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி செண்பகம்.

"வஸ்தாது உத்தியோகத்துக்கு."

"தோத்துட்டா நிலமும் போச்சு, பாலும் போச்சு. தெரிஞ்சுதான் செய்யறீங்களா?" என்று கேட்டவள், தானே உள்ளே போய்க் குதிரில் இருந்த உளுந்தையும் மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

கன்றோடு உள்ளே வந்த கறுப்பியைப் பார்த்துப் பயில்வான்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் சுடலைமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இவ எங்களுக்கு என்னங்க சொல்லிக் குடுப்பா?"

"ஒன்றும் சொல்ல மாட்டாள். நீங்கள் தேறுவதற்கு அதுதான் வழி."

உண்மைதான். ஒரு வஸ்தாது இடது காலை முன்னால் வை என்றார். அடுத்தவர் வலது கால் என்றார். அதற்கடுத்தவர் இரண்டுமே தப்பு என்றார். இருபது வருஷம் குஸ்தி போட்ட சுடலைமுத்துவுக்கு நிற்பதே மறந்து போயிருந்தது. இப்போது விடிந்ததும் பால், மத்தியானம் உளுந்தங்களி, சாயங்காலம் மறுபடியும் பால். நடுவில் அவரவருக்குத் தெரிந்த பிடியை அவரவர் போட்டார்கள். கறுப்பி ஓரமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசாத தலைமையை அவர்கள் வாழ்நாளில் கண்டதில்லை. நாற்பது நாளில் ஐந்து பேர் தோளிலும் சதை ஏறிவிட்டது.

ஆடித் திருவிழா வந்தது. ஐந்து ஜோடியில் நாலு ஜோடி கரும்பூருக்கு. சுடலைமுத்து ஆனைமடையின் பெரிய மல்லனைத் தூக்கிப் போட்டதில் கோதாவின் மண் ராஜாவின் மடியில் விழுந்தது. ராஜா அதைத் தட்டிவிடக்கூட இல்லை. "எங்கே அந்த வஸ்தாது? இப்போதே பார்க்க வேண்டும்" என்று எழுந்து நின்றார்.

நாற்பது நாளாக ஊரெல்லாம் அனந்தப்பனைக் கிறுக்கன் என்று சொல்லித் திரிந்த பிரதானி அப்போது முன்னால் வந்தார்.

"இனி மறைப்பானேன் மகாராஜா? அந்த வஸ்தாதைக் கண்டுபிடித்தது நானும் என் மைத்துனர்களும்தான். அனந்தப்பன் கூட்டிக்கொண்டு வந்தான், அவ்வளவே."

அனந்தப்பனுக்கு வெட்கம் கெட்டவன் என்று கத்தத் தோன்றியது. ராஜாவோ ஆவலோடு, ஆள் எப்படி என்று கேட்டார்.

"கறுத்த மேனி, அகன்ற நெற்றி, நிதானமான பார்வை. அதிகம் பேச மாட்டார். மூன்று நாள் எங்களோடு தங்கினார்."

மைத்துனர்கள் மூவரும் ஆமாம் போட்டார்கள்.

"சாப்பாடெல்லாம்?" என்று அனந்தப்பன் பணிவாகக் கேட்டான்.

"எங்களோடுதான். ஒரே பந்தி. நான் பரிமாறச் சொன்னதைத்தான் அவரும் சாப்பிட்டார்."

அனந்தப்பன் கையைக் காட்டினான். கழுத்தில் சாமந்தி மாலையோடு கறுப்பியைச் சுடலைமுத்து நடத்திக்கொண்டு வந்தான். அவள் ராஜாவைப் பார்த்தாள், பிரதானியைப் பார்த்தாள், பிரதானியின் காலடியிலேயே சாணி போட்டாள்.

"எட்டாவது வஸ்தாது இவள்தான் மகாராஜா. இவள் சாப்பிட்டது வைக்கோல். மற்றவர்களுக்குக் கொடுத்தது பால். முந்தைய ஏழு பேரும் இதை மாற்றிச் செய்தார்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவித் தோளில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனந்தப்பனுக்கு இன்னும் மூன்று காணி என்றார். தேடல் செலவு இனிமேல் பயில்வான்களின் பாலுக்கும் நெய்க்கும் என்றார். பிறகு பிரதானியின் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த நாலு பேருக்கும் என்ன தண்டனை தரலாம், அனந்தப்பா?"

"தண்டனை எதற்கு மகாராஜா? பிரதானி வாக்குப் பொய்யாகக் கூடாது. தொட்டியில் கழுநீரும் பிண்ணாக்கும் கரைத்து வைத்திருக்கிறது. நாலு பேரும் பந்தியில் உட்காரட்டும். கறுப்பிக்குச் சம்மதமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்."