கிழக்குத் தெருவுக்குத் தேர் போனது

வரி அதிகாரி கூத்தருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவருடைய குரு நிறைமதி அம்மை அவரைவிட வயதில் சின்னவர். அதில் கூத்தருக்கு வெட்கமொன்றும் இல்லை.

தேர்த் திருவிழா அன்று காலையில் கூத்தர் அம்மையிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“அம்மை, கிழக்குத் தெரு நெசவாளர்கள் வண்டி கட்டுறாங்க. ஊரை விட்டே போறாங்களாம்.”

“ஏன்?”

“வடம் பிடிக்க வந்தவங்களை நம்ம ஊர்த்தலைவர் தடுத்துட்டார். ‘நாங்க போட்ட தெருவுல ஓசியில குடியிருக்கீங்க, உங்களுக்கு வடம் வேறயா’ன்னு கேட்டுட்டார்.”

“தெருவை யார் போட்டது, கூத்தரே?”

கூத்தர் நிமிர்ந்தார். அந்தக் கதையைச் சொல்வதென்றால் அவருக்குப் பெருமை தாங்காது. சில வருஷங்களுக்கு முன்பு கிழக்கே வெறும் கள்ளிக்காடு. கஜானாவோ காலி. கூத்தர் வணிகர்களிடம் கடன் வாங்கித் தெருவும் வாய்க்காலும் அமைத்தார். அந்த நிலத்தின் பழைய வரி எப்போதும்போல அரசருக்கு. குடிகள் வந்தபின் அதற்குமேல் கூடும் வரியெல்லாம் கடனை அடைக்க. நெசவாளர்கள் வந்தார்கள். தறி ஓடியது, வரி கூடியது, கடனும் தீர்ந்தது.

“நல்ல காரியம் செஞ்சீங்க. அவங்களைக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அம்மை தேரடிக்குப் போனார்.

நெசவாளர்கள் வந்து ஓரமாக நின்றார்கள்.

“தேர் முதல்ல கிழக்குத் தெருவுக்குப் போகட்டும்” என்றார் அம்மை. “அந்தத் தெருவுக்குக் காசு கொடுத்தவங்க வடம் பிடிங்க.”

ஊர்த்தலைவர் மாறனார் குனிந்து வடத்தில் கை வைத்தார்.

“அந்தத் தெருவுக்காக உங்க வரி கூடுச்சா?” என்று கேட்டார் அம்மை.

“இல்லை.” கையை எடுத்துக்கொண்டார்.

“நான் கொடுத்தேன்” என்றார் ஒரு வணிகர். “ஆனா வட்டியோட வாங்கிட்டேனே!” சிரித்தபடி ஒதுங்கினார்.

வடம் தரையில் கிடந்தது. அம்மை நெசவாளர்கள் பக்கம் திரும்பினார். பொன்னாச்சி என்பவள் முன்னால் வந்தாள். வடத்தைத் தொடவில்லை.

“இரக்கப்பட்டுக் கொடுத்தா எங்களுக்கு வேண்டாம், அம்மை.”

மாறனாருக்குப் பொறுக்கவில்லை. “தெரு போட்ட அன்னைக்கு இவங்கள்ல ஒருத்தர்கூட இங்க இல்லையே! இவங்க போட்டதா எப்படி ஆகும்?”

“இல்லைதான்” என்றார் அம்மை. “வருவாங்கன்னு சொல்லித்தான் கூத்தர் கடனே வாங்கினார். இவங்க வந்து, உழைச்சு, கட்டின வரியாலதான் அந்தக் கடன் தீர்ந்துச்சு; ஊரோட வாக்கைக் காப்பாத்தினாங்க.”

அம்மை வடத்தை எடுத்துப் பொன்னாச்சியின் கையில் கொடுத்தார்.

“மாறனாரே, நாம பிடிக்கலாமான்னு இவங்களைக் கேளுங்க.”