முந்தாநாள் மழை

"இனிமே என்னால படிக்க முடியாது மிஸ்" என்றாள் செண்பகவல்லி.

மலைமேல் இருந்த அந்தக் கல்லூரியில் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். எதிரே நிற்பவரின் முகம் பாதிதான் தெரியும்.

புவியியல் ஆசிரியை ரெபேக்கா நிமிர்ந்தார். "என்னாச்சு?"

"பிளஸ் டூவில மாவட்டத்திலேயே முதல் மார்க். ஊர்ல பேனர் வச்சாங்க. இங்க வந்தும் முதல் செமஸ்டர்ல நான்தான் முதல். அப்புறம் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருது. இந்த முறை ரெண்டு பேப்பர் போச்சு. வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

ரெபேக்கா மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"மழைமானியைப் பார்க்கிற பொண்ணு லீவ்ல போயிருக்கா. தினமும் காலைல எட்டரைக்குப் போய் அளவு பார்த்து எழுது. ஒரு மாசம். அப்புறம் போ."

புல்வெளி நடுவே, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அவ்வளவுதான்.

அவள் போனாள். பனிக்குள் நடப்பது தூக்கத்தில் நடப்பது போலிருந்தது. மரங்கள் அருகே வந்து, பிறகு இல்லாமல் போயின.

பூஜ்யம் என்று எழுதினாள்.

மறுநாளும் பூஜ்யம்.

பதினோரு நாள் அப்படியே.

"மழையே இல்ல மிஸ். எதுக்குப் போகணும்?"

"இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"போய்ப் பார்த்தேனே."

ரெபேக்கா சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று மதியம் வானம் உடைந்தது. பொழுது சாயும்வரை கொட்டியது.

காலையில் ஓடினாள். நூற்று நாற்பத்தொன்பது மில்லிமீட்டர்! குழாய் நிரம்ப ஒரே ஒரு கோடு பாக்கி. தண்ணீருக்குள் மலை தலைகீழாக மிதந்தது. தோழிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். போட்டோ எடுத்தார்கள். நோட்டில் பெரிதாக எழுதினாள்.

ரெபேக்கா அன்று ஊரில் இல்லை. அவர் வந்து பார்க்கட்டும் என்று குழாயை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். குழாய் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் மழை பெஞ்சுதே. எவ்வளவு?"

செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். வழிந்த ஈரம் புல்லில் இருந்தது.

"தெரியல மிஸ்."

"ஏன்?"

"முந்தாநாள் தண்ணி இன்னும் உள்ளேயே…"

பாதியில் நிறுத்தினாள்.

ரெபேக்கா பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லி குழாயைக் கழற்றினாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு புல்லில் கவிழ்த்தாள். மலை மண்ணுக்குள் இறங்கிப் போயிற்று.

உதறி, வெறும் குழாயை மறுபடி மாட்டினாள்.

"நேத்துக்கு என்ன எழுதறது மிஸ்?"

"அது போகட்டும். நாளைக்கு என்ன இருக்கோ, அதை எழுது."