செவ்வாய்க்கிழமை எகிறிப் புதன்கிழமை இறங்கிய குதிரை

அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரைத் தரகர் சென்னியப்பன் பொய்யே பேசமாட்டார் என்று சத்தியம் செய்ய ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் சென்னியப்பன்.

அவரிடம் அன்றைக்கு வந்து மாட்டியவள் கோயமுத்தூர் மயிலாத்தாள். கூடவே மகள் மிருதுளா. மகளுக்கு இருபத்து நாலு வயது. இரண்டு வருஷமாகக் குதிரையேற்றப் பள்ளியில் கட்டை தாண்டப் பழகுகிறாள். இனிமேல் போட்டிக்குப் போகச் சொந்தமாக ஒரு குதிரை வேண்டுமாம். தை மாதம் விழுந்ததில் தோள்பட்டையில் கம்பி வைத்துத் தைத்திருக்கிறது. இன்னொரு தரம் மோசமாக விழுந்தால் குதிரையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மயிலாத்தாள் முப்பது வருஷமாக முருகனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். மூத்தவனுக்கு வேலை, வீட்டுக்காரருக்கு மூட்டுவலி மருந்து, எல்லாம் கேட்டாயிற்று. குதிரை மட்டும் கேட்டதில்லை. மயில் வைத்திருக்கிறவனிடம் போய்க் குதிரை கேட்பதா என்று கூச்சம்.

மிருதுளாவின் கண்ணெல்லாம் எதிர்வரிசையில் கட்டியிருந்த வெள்ளைக் குதிரை மேல்தான். மூன்று வயசு. இரண்டு காலில் எழுந்து நின்று ஊரையே மிரட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, மத்தியானத்துக்குள்ள நீ வேற குதிரை காட்டு. இல்லேன்னா எனக்கு அதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

மயிலாத்தாளின் கைப்பையில் விபூதிப் பொட்டலத்தோடு ஒரு தாளும் மடித்து இருந்தது. முதல் குதிரை எப்படி இருக்க வேண்டும் என்று மகளின் வாத்தியார் எழுதிக் கொடுத்தது. அதைப் பிரிப்பதற்குள் சென்னியப்பன் ஆரம்பித்துவிட்டார். அவர் கையில் ஒரு பழுப்புக் குதிரை, அரைக்கண் மூடி, சாப்பாட்டுக்குப் பிறகு பஞ்சாயத்தில் உட்கார்ந்த தலைவர் மாதிரி நின்றது.

"பேரு மின்னலுங்க! போன வருசம் பவானி ஆத்துல வெள்ளம். பாலத்து மேல தண்ணி. இவன் இந்தக் கரையில இருந்து ஒரே தாண்டு, அந்தக் கரை! போய்த்தான் பாக்கறான், நான் இங்கயே நிக்கறேன். அட பாவமேன்னு திரும்ப ஒரு தாண்டு தாண்டி என்னையக் கூட்டிட்டுப் போனானுங்க."

பக்கத்தில் கொள்ளு மூட்டை போட்டிருந்த மாரப்பன், "ஏப்பா சென்னியப்பா, போன வருசம் ஆத்துல மணலுக்கே தண்ணி பத்தலையேப்பா?" என்றார்.

"மாரப்பண்ணா, இவன் தாண்டின காத்துலதான் வெள்ளமே வத்துச்சு!" என்று சென்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். "இது என்னங்க பெருசு? ஒரு நா வைக்கோல் லாரி குறுக்க வந்திருச்சு. எகிறினானுங்க பாருங்க! எகிறினது செவ்வாக்கிழமை, எறங்கினது புதன்கிழமை."

"ராத்திரிக்குத் தீனி?"

"லாரியைத் தாண்டையில ஒரு வாய் வைக்கோல் அள்ளிக்கிட்டுத்தாண்ணா போனான்."

முருகா, உன் மயில்கூட ராத்திரி முழுக்கப் பறந்திருக்காது என்று மயிலாத்தாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டு, "அவ்வளவு ஒசரம் குதிக்கிறதுன்னா எங்களுக்கு வேண்டாமுங்க" என்றாள்.

சென்னியப்பனுக்கு மூச்சு நின்றது. நாற்பது வருஷத் தரகில் குதிரை அதிகம் குதிக்கிறது என்று வேண்டாமென்றவர்கள் யாருமில்லை.

"புள்ள விழுந்திருவா. இதுல எழுதியிருக்குது பாருங்க" என்று தாளைப் பிரித்தாள் மயிலாத்தாள். "சாதுவா இருக்கோணும். சத்தத்துக்கு மிரளக் கூடாது. ஏறுகிறவங்க தப்புப் பண்ணினாலும் பொறுத்துக்கோணும்."

ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். சென்னியப்பன் பேச்சு வண்டியை அப்படியே பின்பக்கமாகத் திருப்பினார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? இவன் முழுப்பேரு சாந்தமின்னலுங்க! சாதுன்னா அப்படியொரு சாது. போன மாசம் தலை மேல காக்கா கூடு கட்டிருச்சு. முட்டையிட்டுக் குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுக்கும் குஞ்சு வந்து பறந்து போற வரைக்கும் இவன் தலையை ஆட்டலீங்களே!"

"ஒரே மாசத்துலயா?" என்றார் மாரப்பன்.

"அமைதியான எடம் கெடைச்சா எல்லாம் வெரசா நடக்குமுண்ணா. தேர்த்திருவிழால யானைக்கு மதம் புடிச்சு எல்லாரும் ஓடறாங்க. இவன் யானையைப் பாத்து ஒரு கொட்டாவி விட்டானுங்க. யானைக்கே வெக்கமாப் போயி, பாகன் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. நிதானமுன்னா சும்மா இல்லீங்க. ஒரு மாப்பிள்ளை கலியாண ஊர்வலத்துக்கு இவன் மேல ஏறினாரு. மண்டபத்துல எறங்கையில அவருக்கு அறுபதாங் கலியாணம்!"

"பொண்ணு?" மாரப்பன் விடவில்லை.

"அதே பொண்ணுதாண்ணா. பாவம், மாலையைக் கையில வச்சுக்கிட்டே நின்னுச்சு."

மிருதுளா களுக்கென்று சிரித்துவிட்டாள். வெள்ளைக் குதிரையிடமிருந்து அவள் கண் திரும்பியது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, வயசு என்னங்க?" என்று கேட்டாள்.

பழைய பழக்கம், சென்னியப்பன் வாயில் தானாக வந்துவிட்டது. "நாலுதானுங்க அம்மிணி. இளங்குருத்து!"

"பத்துக்கு மேல இருக்கோணுமுன்னு எழுதியிருக்குதுங்களே" என்றாள் மயிலாத்தாள் வருத்தத்தோடு. "ஏறுகிற ஆளு புதுசுன்னா குதிரை பழசா இருக்கோணுமாம்."

"இருக்குதுங்களே! இவன் பொறந்தது பிப்ரவரி இருபத்தொம்பதுங்க. பொறந்த நாளே நாலுதான் வந்திருக்குது. நீங்களே கணக்குப் போட்டுக்கங்க!"

மயிலாத்தாள் கணக்குப் போடவில்லை. தாளில் அடுத்து எழுதியிருந்தபடி கீழே குந்தி, குதிரையின் கால்களில் வீக்கம், சூடு ஏதாவது உண்டா என்று கையால் தடவிக்கொண்டே வந்தாள். நான்கு காலும் சில்லென்று சுத்தமாக இருந்தன. குளம்புக்குக் கை போனபோது குதிரை தானே காலைத் தூக்கிக் காட்டியது. இதைச் சென்னியப்பன் பார்க்கவில்லை. குதிரை ஒருமுறை தும்மியதில் மூன்று ஊருக்கு மழை பெய்ததை மாரப்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏறிப் பாத்துரலாம்மா" என்றாள் மிருதுளா.

மாரப்பன் இரண்டு கொள்ளு மூட்டைகளைத் தள்ளி வைத்து, மேலே ஒரு மூங்கிலைப் போட்டார். இடுப்பளவு உயரம். மகள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏறினாள். மயிலாத்தாள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள்.

முதல் தடவை குதிரை ஓடி வந்து, வாசற்படி தாண்டுகிற வீட்டம்மா மாதிரி அலுங்காமல் தாண்டியது. சென்னியப்பனுக்கே ஆச்சரியம், காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை மிருதுளா அவசரப்பட்டாள். குதிரை எகிறுவதற்கு முன்னாலேயே உடம்பை முன்னால் சாய்த்துவிட்டாள். குதிரை சரியாகத்தான் தாண்டியது. இவள்தான் கழுத்து வழியாக வழுக்கி, அதன் முன்னங்கால்களுக்கு அடியிலேயே விழுந்தாள்.

"முருகா!"

குதிரை அறைந்த ஆணி போல நின்றது. அதன் ஒரு முன்னங்கால் மட்டும் அந்தரத்தில். நேர்கீழே மிருதுளாவின் கை, கம்பி வைத்த தோளோடு சேர்ந்த கை. குதிரை அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. மூன்று காலில் நின்றது. தொடை நடுங்கியது, ஆனாலும் நின்றது. அவள் கையை இழுத்துக்கொண்டு புரண்டு எழுந்த பிறகுதான் மெதுவாகக் காலை ஊன்றியது. அப்புறம் அவள் ஜடையை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அரைக்கண் மூடிக்கொண்டது.

எதிர்வரிசையில் வெள்ளைக் குதிரை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, பின்னால் நாலு பேர் ஓடினார்கள். மிருதுளா அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா. எனக்கு இவனே போதும்" என்று குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சென்னியப்பன் வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. மாரப்பன் அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார்.

மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்துக் குதிரையின் நெற்றியில் விபூதி பூசினாள்.

"ஏனுங்கண்ணா, இவ்வளவு நேரமா இவனைப் பத்தி எத்தனையோ சொன்னீங்க. இதை மட்டும் சொல்லவே இல்லீங்களே?"

சென்னியப்பன் குதிரையைப் பார்த்தார். அதற்குள் அவர் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது.

"அதை மட்டும் வெளிய சொல்லாதீங்க, பெருமை பேசறாப்பல இருக்குமுன்னு அவன்தானுங்க என்கிட்டக் கேட்டுக்கிட்டான்."

மயிலாத்தாள் விபூதிப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவன் சொன்னா நம்பலாமுங்க" என்றாள்.